நீலத் திரையில் ஒரு விரல்

அத்தியாயம் 6

“செத்துப் போனவன் வந்து கம்ப்யூட்டருக்கு டிரைவர் போடுவானுங்களாக்கா?”

மெதுவாகத்தான் கேட்டேன். ஆனால் அந்த வீட்டில் மெதுவாகப் பேச இடமில்லை. சேலத்து ஃபேர்லேண்ட்ஸ் என்றதும் பங்களாவையும் போர்டிகோவையும் நினைத்துவிட வேண்டாம். பங்களாக்களின் முதுகுப் பக்கம் ஒரு சந்து போகிறது. அதில் மூன்றாவது ஓட்டு வீடு. நான் கேட்டது சமையலறையில் இருந்த இன்னாசிமேரி அம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

“அவன் சாகலைங்க தம்பி” என்று அங்கிருந்தே சொன்னார். கோபம் இல்லை. காபிக்குச் சர்க்கரை போட்டாச்சு என்று சொல்கிற குரல்.

கோகிலவாணி அக்கா என்னை முறைத்தார். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, என் முதலாளி. இருபத்திரண்டு வருடம் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்துவிட்டு, சேலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார். வருவதில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. நான் தனபால். திருச்செங்கோட்டுக்காரன். பதினோரு வருடம் போர்வெல் ரிக் ஓட்டி, இடுப்பு போனபின் அக்காவிடம் வந்து சேர்ந்தவன். வண்டிக்கு இருந்த பிரேக் என் வாய்க்குக் கிடையாது என்பார் அக்கா.

விஷயம் இதுதான். பத்தொன்பது நாளைக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை, இந்த அம்மாவின் ஒரே மகன் ஜோஸ்வா அப்பாவின் பழைய ஸ்கூட்டரில் பள்ளிபாளையம் போனான். வயது இருபத்தாறு. லாரிகளைக் கம்ப்யூட்டரில் அசல் வண்டி மாதிரியே வரைந்து கொடுப்பது அவன் தொழில். நாமக்கல்லில் பாடி கட்டுகிற பட்டறைக்காரர்கள் அந்தப் படத்தைக் காட்டித்தான் கஸ்டமரிடம் ஆர்டர் வாங்குவார்கள். அன்றைக்கும் ஒரு லாரிக்கு அளவெடுக்கத்தான் போனான். சாயங்காலம் ஸ்கூட்டர் காவிரிப் படித்துறைக்கு மேலே நின்றது. படியில் சட்டை, செருப்பு, அளவு டேப். ஆளைக் காணோம். தீயணைப்புக்காரர்களும் பரிசல்காரர்களும் ஒரு வாரம் தேடினார்கள். உடலும் கிடைக்கவில்லை.

குளிக்க இறங்கியவனை ஆறு இழுத்துக்கொண்டது என்று போலீஸ் முடிவு கட்டியது. பங்குச் சாமியார், இறந்தவர்களுக்கு வைக்கிற நினைவுத் திருப்பலிப் பூசைக்கு நாள் கேட்டார். இன்னாசிமேரி அம்மா கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் உள் அறையில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்.

அம்மா காபியோடு வந்து உட்கார்ந்தார். அக்கா இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

“கம்ப்யூட்டர்ல பழைய கிராபிக்ஸ் கார்டு புகைஞ்சு போச்சுங்க. திரையே வரலை. புதுசு வாங்கிட்டு வந்து பெட்டியைப் பிரிக்காம மேசை மேல வெச்சிருந்தான். ‘சாயங்காலம் வந்து மாட்டிக்கறேம்மா’ன்னு சொல்லிட்டுத்தான் வண்டிய எடுத்தான். எட்டு நாள் கழிச்சு, செவ்வாய்க்கிழமை, அந்தோணியார் கோயில் நவநாள் பூசைக்கு நாலரைக்குக் கெளம்பிட்டு ஏழு மணிக்குத் திரும்பி வரேன். பூட்டு பூட்டினபடியே இருக்கு. உள்ள கம்ப்யூட்டர் ஓடுது. திரையில அவன் வரைஞ்ச லாரி நிக்குது. மாட்டறேன்னு சொன்னான், வந்து மாட்டிட்டுப் போயிருக்கான்.”

“சாப்பாடும் சாப்பிட்டிருந்தது இல்லையா?”

“ஆமாங்க. அவனுக்குன்னு தினமும் ஒரு தட்டு மூடி வெப்பேன். அன்னிக்குத் தட்டு காலி. பீட்ரூட் பொரியலை மட்டும் ஓரமா ஒதுக்கியிருந்துச்சு. அவன் பீட்ரூட் தொடமாட்டான்.”

பையன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று அந்த நிமிஷம் சத்தியமாக நம்பினேன். அம்மா அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து கம்ப்யூட்டரை அணைக்கவே இல்லை. பதினோரு நாளாக ராப்பகலாக ஓடுகிறது. மறுபடி வரும்போது அணைந்து கிடந்தால் கோபித்துக்கொள்வானாம்.

அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விசைப்பலகையைத் தட்ட ஆரம்பித்தார். உள்ளே இருந்தது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். அதில் புதுக் கார்டு மாட்டினால் மட்டும் போதாது. அதை ஓட்டுவதற்கு ஒரு புரோகிராம் போட வேண்டும். அதற்கும் டிரைவர் என்றுதான் பெயர் என்று அக்கா சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

“ஏனுங்க்கா, எஸ்.ஐ. என்னமோ சொன்னாரே? இதெல்லாம் எங்கியோ உக்காந்துட்டே பண்ணலாம், இல்லாட்டி அதுவே தானாப் பண்ணிக்கும்னு.”

“எஸ்.ஐ. சொன்னதுல பாதி சரி. டிரைவரை இறக்கி வைக்கிற வரைக்கும் தூரத்துல இருந்து பண்ணலாம். ஆனா இந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு காவல் இருக்கு. புது டிரைவரைச் சும்மா உள்ள விடாது. முதல்ல ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அப்புறம் அணைஞ்சு திரும்ப எழும்போது, லினக்ஸ் வர்றதுக்கு முன்னாலயே ஒரு நீலத் திரை வரும். பத்து விநாடி. அதுக்குள்ள ஒரு ஆள் இந்த விசைப்பலகையைத் தொட்டு, அதே பாஸ்வேர்டை அடிச்சு, ‘ஆமா, நான்தான் போட்டேன்’னு ஒத்துக்கணும். தொடலைன்னா டிரைவர் வேலை செய்யாது.”

“டிரைவர் இங்க வேலை செய்யுதே?”

“அதான் சொல்றேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இந்த நாற்காலியில ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். நீலத் திரையில ஒரு விரல் பட்டிருக்கு.”

இன்னாசிமேரி அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். “நான்தான் சொன்னேனே” என்றார்.

அக்கா திரையில் எதையோ பார்த்துக்கொண்டே இருந்தார். மேலே மேலே போனார், பிறகு கீழே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சும்மா நிற்க முடியாமல் நான் மேசைக்குக் கீழே குனிந்தேன். கறுப்பு நிற கேபினெட். பக்கத்து மூடியின் நான்கு ஸ்குருவிலும் மஞ்சளாக ஒரு தீற்று.

“கிறிஸ்தவங்க ஊட்டுல ஆயுத பூஜையாங்க்கா? பெட்டிக்குப் பொட்டு வெச்சிருக்குது.”

“வாயை மூடிட்டு அந்த நோட்டை எடு.”

மேசையில் ஒரு கோடு போட்ட நோட்டு. ஜோஸ்வாவின் கையெழுத்து என்று அம்மா சொன்னார். டிரைவர் போடும் வழி, ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டு எழுதியிருந்தது. எந்தக் கட்டளையை அடிக்க வேண்டும், நீலத் திரை வந்தால் எதை அழுத்த வேண்டும், எல்லாம் குழந்தைக்குச் சொல்வது போல. வரிகளின் ஓரத்தில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது. மஞ்சள் தூள் கையோடு அம்மா தொட்டிருப்பார் என்று விட்டுவிட்டேன். அதற்காக இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

“வீட்டுச் சாவி எங்க இருக்கும்?” என்றார் அக்கா.

“செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால. எங்க மூணு பேருக்கும் தெரியும். நாமக்கல் கோகுல்ராஜுக்கும் தெரியும். ஜோஸ்வாவோட சிநேகிதன்.”

“உங்க வீட்டுக்காரர்?”

“அவர் பாவம், லாரிப் பட்டறையில முப்பது வருஷம் உழைச்சுட்டு இப்பத்தான் வீட்ல உக்காந்தார். இது நடந்ததுல இருந்து தினமும் காலைல ஆறு மணி பஸ்ஸுக்குப் பள்ளிபாளையம் போயிடறார். ஆத்தங்கரையிலயே கெடந்துட்டு ராத்திரி ஒம்பதுக்குத்தான் வரார். அன்னிக்கும் ஒம்பதுக்குத்தான் வந்தார். பையன் வந்துட்டுப் போனான்னு சொன்னேன். நின்னபடியே நின்னார். அழுதார்.”

அக்கா எழுந்தார். “வா தனபால். நாமக்கல் போகலாம்.”

பஸ்ஸில் நான் வாய் ஓயவில்லை. பையனுக்குக் கடன் இருந்திருக்கும், காதல் இருந்திருக்கும், சட்டையைப் படியில் கழற்றி வைத்துவிட்டு ஓடியிருப்பான், அம்மா கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து வந்திருப்பான் என்று கதை கதையாக அடுக்கினேன். எல்லாக் கதையிலும் அவன் உயிரோடு இருந்தான். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு கதைக்கும் ‘ம்’ கொட்டவில்லை.

கோகுல்ராஜின் பட்டறையில் ஒரு பன்னிரண்டு சக்கர வண்டி எலும்புக்கூடாக நின்றது. வெல்டிங் பொறி பறந்தது. கோகுல்ராஜ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தான். ஜோஸ்வா வயதுதான்.

“அந்தச் செவ்வாய்க்கெழமைங்களா? இங்கதாங்க இருந்தேன். அன்னைக்கு வண்டி டெலிவரிங்க. எலுமிச்சம்பழம் வெச்சு வண்டிய நகர்த்தும்போது மணி ஆறு. பார்ட்டி ஊட்டுச் சனம் நாப்பது பேரு இருந்தாங்க. வீடியோவே இருக்குதுங்க.”

வீடியோ இருந்தது. அதில் பலகாரத் தட்டோடு கோகுல்ராஜும் இருந்தான். ஆறு மணிக்கு நாமக்கல்லில் இருப்பவன் அதே சாயங்காலம் சேலத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாவி தெரிந்தவர்களில் ஒருவன் கழிந்தான். அப்பா ஆற்றங்கரையில். மிச்சம் ஜோஸ்வா ஒருத்தன்தானே?

அக்கா நோட்டை நீட்டினார். “இது உனக்குத் தெரியுமா?”

கோகுல்ராஜ் வாங்கிப் பார்த்தான். “எனக்காக எழுதறேன்னு சொன்னானுங்க. நானும் லினக்ஸ் போட்டு வரையப் பழகறேன்னு கேட்டிருந்தேன். ‘உன்ற மண்டைக்கு ஏறுற மாதிரி எழுதித் தாரேன்டா’ன்னான். குடுக்கறதுக்குள்ளதான்…”

“ஜோஸ்வா டிரைவர் போடணும்னா இதைப் பார்த்துப் போடுவானா?”

“அவனுங்களா? கண்ணை மூடிட்டுப் போடுவானுங்க. அஞ்சு நிமிசம். கார்டு மாட்டறதோட சேத்துப் பாத்தாலும் கால் மணி நேரங்க.”

அக்கா தலையை ஆட்டினார். வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் பேசினார்.

“காலையிலேயே பார்த்தேன் தனபால். கம்ப்யூட்டர் எல்லாத்தையும் நேரம் போட்டு எழுதி வெச்சிருக்கு. நாலு அம்பதுக்கு ஆரம்பிச்சு ஆறு முப்பத்தஞ்சுக்கு முடிஞ்சிருக்கு.”

“மெதுவாப் பண்ணியிருப்பானுங்க்கா. மனசு சரியில்லாம.”

“உள்ள நுழையறதுக்குப் பாஸ்வேர்டைப் பதினோரு தடவை தப்பா அடிச்சிருக்காங்க. தன்னோட பாஸ்வேர்டை ஒருத்தன் பதினோரு தடவை தப்பா அடிப்பானா?”

நான் நடையை நிறுத்திவிட்டேன்.

“முதல் கட்டளை என்ன தெரியுமா? நோட்டுல ‘1.’னு எண் போட்டிருக்கு இல்லையா? அந்த எண்ணையும் புள்ளியையும் சேர்த்தே அடிச்சிருக்காங்க. கம்ப்யூட்டர் ‘அப்படி ஒண்ணு இல்லை’ன்னு சொல்லியிருக்கு. திரும்ப அதையே அடிச்சிருக்காங்க. நாலாவது தடவைதான் எண்ணை விட்டுட்டு அடிச்சிருக்காங்க. வாழ்க்கையில அன்னைக்குத்தான் முதல் தடவையா விசைப்பலகையைத் தொட்டிருக்காங்க.”

“அப்பறம் எதுக்குங்க நாமக்கல்லுக்கு வந்தோம்?”

“நான் நினைச்சது தப்பா இருக்கணும்னு வந்தேன்” என்றார் அக்கா.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா நெய் டின்னை மடியில் வைத்துக்கொண்டு ‘இறங்கறப்ப இடிச்சுப் போடாதீங்க’ என்று ஐந்தாறு தடவை சொன்னார். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது பின் டயர் பஞ்சராகிவிட்டது. எல்லாரும் இறங்கினோம். எதிர்க் கடை மெக்கானிக் வந்து சக்கரத்தைக் கழற்றி மாற்றினார். ரிக் ஓட்டியவனுக்கு டயர் மாற்றுவதைப் பார்க்காமல் இருக்க முடியாது. நான் நின்று பார்த்தேன்.

அவர் ஒரு நட்டை முறுக்கினார். காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்து அந்த நட்டின் மேல் ஒரு கோடு போட்டார். அடுத்த நட்டு. அடுத்த கோடு. எது இறுக்கினது, எது இறுக்காதது என்று குழம்பக்கூடாது என்பதற்காகப் போடுவது. எங்கள் ரிக்கிலும் அப்படித்தான். வருடக் கணக்கில் பார்த்த காரியம்.

மஞ்சள் சாக்பீஸ்.

பஸ்ஸின் பின்னாலேயே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

“என்ன ஆச்சு தனபால்?”

“அந்தப் பொட்டு… ஸ்குருவுல இருந்த பொட்டு. நோட்டுல வரிக்கு வரி இருந்த மஞ்சப்பொடி. மஞ்சத் தூளில்லீங்க்கா. ஒவ்வொரு வேலையா முடிச்சு முடிச்சுக் கோடு போட்டிருக்குது. லாரி மெக்கானிக் போட்ட கோடுங்க்கா அது.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மூன்று வருடத்தில் நான் கண்டுபிடித்துச் சொன்ன முதல் துப்பு. யாராவது வந்து அது தப்பு என்று சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

அக்கா பள்ளிபாளையத்துப் பரிசல்காரர் சடையனுக்கு போன் போட்டு, ஜோஸ்வாவின் அப்பா யாகப்பன் அன்றைக்கு எப்போது கிளம்பினார் என்று கேட்டார். நானும் காதை ஒட்டிக் கேட்டேன்.

“அந்தச் செவ்வாய்க்கெழமைங்களா? மத்தியானமே அனுப்பிச்சுப் போட்டனுங்க. தண்ணி வரத்து சாஸ்தியாயிருச்சு. ‘இனித் தேடிப் பிரயோசனம் இல்லீங்க சாமி, ஊட்டுக்குப் போங்க’ன்னு நாந்தான் பஸ் ஏத்தி உட்டனுங்க. அதுக்கப்பறமும் தெனம் வாராருங்க. ஆனா படியில எறங்க மாட்டாரு. ரோட்டோரமா உக்காந்துட்டுப் போயிருவாரு. இப்பக்கூட இங்கதான் இருக்காருங்க.”

“போனை அவர்கிட்டக் குடுங்க.”

கொஞ்ச நேரம் லாரிச் சத்தம். பிறகு ஒரு வயதான மூச்சு.

“ஐயா, கோகிலவாணி பேசறேன். இன்னிக்குச் சீக்கிரம் வீட்டுக்கு வந்துடுங்க. சாக்பீஸ் கோட்டைப் பார்த்துட்டோம்.”

“சரிங்க” என்றார்.

நாங்கள் போனபோது ஏழு மணி இருக்கும். யாகப்பன் எங்களுக்கு முன்பே வந்து, கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெரிய கைகள். நகக்கண்ணில் முப்பது வருடக் கிரீஸ். இன்னாசிமேரி அம்மா வழக்கம் போலத் தட்டில் சோறு போட்டு மூடி, மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“கோகுல்ராஜ் எதாவது சொன்னானுங்களா? எங்க இருக்கானாம்?”

எதற்கும் அசராத எங்கள் அக்கா, சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான்தான் மேரி” என்றார் யாகப்பன்.

“என்ன நீங்க?”

“கார்டு மாட்டினது. நான்தான்.”

அம்மா சிரித்தார். “உங்களுக்கு போன்ல நம்பர் போடவே தெரியாது.”

“சடையன் இனித் தேட வேண்டாம்னுட்டான். வீட்டுக்கு வந்தேன். நீ கோயிலுக்குப் போயிட்ட. அந்தப் பெட்டி மேசை மேல அப்படியே இருந்துச்சு. ஏதாவது எழுதி வெச்சிருப்பானோன்னு தோணுச்சு மேரி. இதுக்குள்ள எதாவது ஒரு வரி. மாட்டினேன். மாட்டறது பெரிசில்லை. பாஸ்வேர்டு கேட்டுச்சு. உன் பேர் போட்டேன். என் பேர் போட்டேன். அந்தோணியார் பேர், அவன் படிச்ச ஸ்கூல் பேர், எல்லாம் போட்டேன். தொறக்கலை. கடைசில ஸ்கூட்டர் நம்பரைப் போட்டேன். எட்டு நாளா ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் எழுதி எழுதிக் குடுத்த நம்பர். தொறந்துடுச்சு.”

“அப்புறம்?”

“திரை வந்துச்சு. அவன் வரைஞ்சது தொறக்கலை. நோட்டைப் பாத்து ஒண்ணொண்ணா அடிச்சேன். ஒண்ணு முடியறப்ப ஒரு கோடு போட்டேன். நீலமா வந்துச்சு, அவன் எழுதியிருந்தபடி அழுத்தினேன். லாரி வந்துச்சு. ஒரு பக்கச் சக்கரம் மட்டும்தான் போட்டிருந்தான். மறுபக்கம் சும்மா கெடந்துச்சு. எல்லாத்தையும் தேடிட்டேன். ஒரு வரிகூட இல்லை மேரி. சும்மா குளிக்கத்தான் எறங்கியிருக்கான்.”

அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப சோறு?”

யாகப்பன் தலையைக் குனிந்துகொண்டார். “பசிச்சுது. எட்டு நாளா ஒழுங்காச் சாப்பிடலை. அவன் தட்டுன்னு தெரிஞ்சும் சாப்பிட்டுட்டேன்.”

பீட்ரூட் தொடாததில் அப்பனைப் போலப் பிள்ளை. அந்த ஒன்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

“வீட்ல உக்கார முடியலை. பூட்டிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டேன். ஒம்பது மணிக்கு வந்து உங்கிட்டச் சொல்லணும்னுதான் வந்தேன். நீ ஓடி வந்து கையப் புடிச்ச. ‘வந்துட்டான், சாப்பிட்டான்’னு சொன்ன. எனக்கு வாய் வரலை மேரி. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு பதினோரு நாள் ஆயிடுச்சு.”

அம்மா அழுவார் என்று எதிர்பார்த்தேன். அலறுவார், அவரை அடிப்பார் என்றுகூட நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. உள்ளே நடந்து போய் கம்ப்யூட்டர் முன்னால் நின்றார். திரையில் அந்த லாரி நின்றது. இந்தப் பக்கம் நான்கு சக்கரம், அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

“மேடம், இதை எப்படி அணைக்கறது?”

அக்கா திரும்பிப் பார்த்தார்.

“எனக்குத் தெரியாதுங்க. அவரும் பாத்திருக்க மாட்டார். நோட்டுல அது எழுதியிருக்கா?”

எழுதியிருக்கவில்லை. ஒன்பது வரியிலும் எழுப்புவதற்குத்தான் வழி இருந்தது. அக்கா அவர் கையைப் பிடித்து மவுஸின் மேல் வைத்து, எங்கே நகர்த்த வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்று காட்டினார். அம்மாவே அழுத்தினார். லாரி போனது. திரை கறுத்தது. பதினோரு நாளாகச் சுற்றிக்கொண்டிருந்த விசிறிச் சத்தம் நின்றது. சத்தம் இருந்ததே நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னாசிமேரி அம்மா வெளியே வந்தார். மேசையில் மூடியிருந்த தட்டைத் திறந்தார். அதை எடுத்துக்கொண்டு போய்ப் புருஷன் முன்னால் வைத்தார்.

“சாப்பிடுங்க” என்றார். “நாளைக்குக் காலைல சாமியாரைப் பாத்து நாள் குடுக்கணும்.”